ரிமோட் விமானம் வாங்கப் போகும் பெற்றோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கே.புதூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன், 22 வருடமாக ரிமோட் விமானம் விட்டுக்கொண்டிருக்கிறேன். முழுப் பரீட்சை லீவு நெருங்குகிறது. இந்த நேரத்தில்தான் பிள்ளைகள் விமானம் வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நிற்பார்கள், பெற்றோரும் என்ன ஏதென்று தெரியாமல் படத்தைப் பார்த்து ஒன்றை வாங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீளத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கினால் பயன்படாமல் போய்விடும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒத்தக்கடை தாண்டி நாங்கள் வழக்கமாகப் பறக்கவிடும் தரிசு நிலத்துக்கு ஒரு அப்பாவும் பத்தாம் வகுப்பு படிக்கும் பையனும் வந்தார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டாம் உலகப் போர் காலத்துச் சண்டை விமானத்தின் மாடல், உடம்புக்குக் கீழே பொருத்திய இறக்கை, நைட்ரோ எரிபொருளில் ஓடும் என்ஜின், பார்க்க அத்தனை அழகு. எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் ஆனதாம். யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டேன், ஓட்ட ஓட்டத் தானாக வந்துவிடும் என்று கடையில் சொன்னார்களாம். முதலில் எங்கள் விமானத்தில் கொஞ்சம் பழகட்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், பையனுக்குப் பொறுக்கவில்லை. அரை மணி நேரம் போராடி என்ஜினைக் கிளப்பினோம். மண்பாதையில் ஓடி, விருட்டென்று எழும்பி, இடது பக்கம் சாய்ந்தது. பையன் பதறிப்போய் எதிர்ப்பக்கம் முழுசாக இழுத்தான். தலைகீழாகப் புரண்டு சீமைக்கருவேல மரத்தடியில் மூக்கு குத்தி விழுந்தது. எல்லாம் 10 விநாடி இருக்கும். பொறுக்கி எடுத்து வந்து, "அண்ணே, இதை ஒட்டிடலாமா?" என்று அந்த அப்பா கேட்டபோது எனக்கு அந்தப் பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பையன் மேல் தப்பே இல்லை. பணம் செலவழித்த வரிசைதான் தப்பு. முதலில் விமானத்தைப் பிடித்தார்கள், அப்புறம் அதற்கு ஏற்ற என்ஜின், கடைசியில் மிச்சமிருந்த காசுக்கு ஒரு ரேடியோ. நான் இதை அப்படியே திருப்பிப் போடச் சொல்வேன். முதலில் நல்ல ரேடியோ, அடுத்து மலிவான மெதுவான ஒரு விமானம், அதில் ஒரு சாதாரண மின்மோட்டார். என்ஜின் ஆசை இருந்தால் அது ஒரு வருடம் காத்திருக்கட்டும்.

ரேடியோ என்றால் கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரும் விமானத்துக்குள் உட்காரும் ரிசீவரும். விமானம் உடையும், மோட்டார் தேயும், ரேடியோ மட்டும் ஐந்தாறு விமானங்களுக்கு வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் 6 சேனல் செட், அதாவது ஆறு கட்டளைகளைத் தனித்தனியாக அனுப்பும் செட், தாராளமாகப் போதும்; ஃப்ளைஸ்கை எஃப்.எஸ். ஐ6 மாதிரியான செட்டில்தான் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் ஆரம்பித்தார்கள். ஒரே அலைவரிசையில் நிற்கும் பழைய கிரிஸ்டல் செட்டை யாராவது சல்லிசாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், அதே அலைவரிசையில் பக்கத்தில் இன்னொருவர் சுவிட்சைப் போட்டாலே விமானம் தரைக்கு வந்துவிடும். இடது கைக் குச்சியில் த்ராட்டில் (வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) இருந்தால் அது மோடு 2, வலது கையில் இருந்தால் மோடு 1. நம் பக்கம் பெரும்பாலும் மோடு 2தான், ஆனாலும் உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் எதில் ஓட்டுகிறார் என்று கேட்டு அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் அவர் கையில் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. பின்பக்கம் ட்ரெயினர் சாக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு ஒயர் போட்டு இரண்டு ரேடியோவை இணைத்துக்கொண்டால், பிள்ளை தடுமாறும்போது சொல்லித்தருபவர் சுவிட்சை விட்டதுமே விமானம் அவர் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கு ஒரு பிரேக் இருக்குமே, அது மாதிரி.

அதே ரேடியோவை ஒரு யு.எஸ்.பி. கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் செருகினால், திரையிலேயே விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் பழகலாம், இலவசமாகவே சில கிடைக்கின்றன. விமானம் வாங்குவதற்கு முன்னால் 10 மணி நேரமாவது பிள்ளை அதில் ஓட்டட்டும். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது குச்சியை இடது பக்கம் தள்ளினால் அது நமக்கும் இடது பக்கம்தான் போகும், திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் இடம் வலம் மாறிவிடும். புதிதாக ஓட்டுபவர்கள் விமானத்தைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எனக்குச் சொல்லித்தந்த பெரியவர் இதற்கு ஒரு வழி சொன்னார்: எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, சாய்கிற வாழைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி. அவர் சொன்ன அன்றிலிருந்து நான் குழம்பியதில்லை, நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளுக்கும் அது உடனே பிடிபட்டுவிட்டது.

சரி, விமானத்துக்கு வருகிறேன். ட்ரெயினர் என்று ஒரு வகை உண்டு, முதல் விமானம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பார்த்தால் ஒன்றும் பிரமாதமாக இருக்காது, விமான நிலையத்தில் நிற்கும் சின்னப் பயிற்சி விமானம் மாதிரி சாதுவாக இருக்கும். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும். இரண்டு நுனியும் லேசாக மேலே தூக்கியிருக்கும், இதற்கு டைஹெட்ரல் என்று பெயர். ஒரு பக்கம் சாய்ந்து சறுக்க ஆரம்பித்தால் தாழ்ந்த இறக்கைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்குவிசை கிடைக்கும், அதனால் விமானம் தானாகவே நிமிரப் பார்க்கும். பிள்ளை பயந்துபோய்க் குச்சியை விட்டுவிட்டாலும், போதிய உயரம் இருந்தால் அது பெரும்பாலும் நேராகிவிடும். இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாகவும் முன்பக்கம் நல்ல தடிமனாகவும் இருந்தால் மெதுவாகப் போகும்போதும் சட்டென்று விழாது. சண்டை விமான மாடலில் இந்தச் சாதுக்குணம் இருக்காது. சாய்த்தால் ட்ரெயினர் மாதிரி அது தானாக நிமிராது, எடையும் அதிகம், வேகம் குறைந்தால் ஒரு இறக்கை முதலில் தூக்குவிசை இழந்து செத்துப்போய்ச் சுழன்றுவிடும். அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான்.

அளவில் ஒரு தப்புக்கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது, சின்னதாக வாங்கினால் சுலபம் என்று. சின்ன விமானம் காற்றுக்கு அலைபாயும், கொஞ்ச தூரம் போனாலே எந்தப் பக்கம் பார்த்துப் பறக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இறக்கை நுனிக்கு நுனி 1.2 முதல் 1.5 மீட்டர், எடை ஒரு கிலோவுக்குப் பக்கம், இதுதான் நல்ல அளவு. முதலில் ஃபோமில் வாங்குங்கள். பால்சா என்ற மிக லேசான மரத்தில் செய்தது அழகாகப் பறக்கும், விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஃபோம் உடைந்தால் அங்கேயே ஒட்டி, டேப் சுற்றி, அடுத்த பேட்டரிக்குப் பறக்கவிடலாம். விசிறி பின்னால் இருந்து தள்ளுகிற பிக்ஸ்லர் வகை கிளைடர்களும் நல்லவை, மூக்கு குத்தினாலும் மோட்டார் தப்பித்துக்கொள்ளும். கையில் காசு குறைவென்றால் தெர்மகோல், டெப்ரான் என்ற மெல்லிய ஃபோம் ஷீட், மூங்கில் குச்சி வைத்து வீட்டிலேயே செய்யலாம், எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும், என்ன ஏது என்று உள்ளே இருப்பதெல்லாம் பிள்ளைக்குப் புரியும். ஒன்று மட்டும், தெர்மகோலில் ஃபெவிக்விக் போடாதீர்கள், ஷீட்டையே கரைத்துப் பள்ளமாக்கிவிடும். சாதாரண வெள்ளை ஃபெவிகால் போட்டு ஒரு ராத்திரி காயவிட்டாலே போதும்.

எந்த விமானமாக இருந்தாலும் பறக்கவிடும் முன் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் விரல் வைத்தால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் தொங்கினால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். வால் கனத்த விமானத்தை 20 வருடம் ஓட்டியவனாலும் பிடிக்க முடியாது.

இப்போது என்ஜின். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது இதைத்தான். மோட்டார் வேண்டாம் அண்ணே, பொம்மை மாதிரி இருக்கு, சத்தம் போடுகிற என்ஜின்தான் வேண்டும் என்பார்கள். எனக்கும் என்ஜின் உயிர். நான் ஆரம்பித்தது கொல்கத்தாவில் தயாரான அரோரா டீசல் என்ஜினில்; டீசல் என்று பேர்தான், அதற்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றுவோம், சட்டையில் அந்த வாடை துவைத்தாலும் போகாது. அப்புறம் ஜப்பான் ஓ.எஸ். என்ஜினுக்கு வந்தேன். அதில் இருக்கும் க்ளோ ப்ளக் ஒரு அதிசயம். 1.5 வோல்ட் கொடுத்துக் கம்பியைச் சிவக்க வைத்து என்ஜினைக் கிளப்பிவிட்டு பேட்டரியைக் கழற்றிவிடலாம், பிளாட்டினம் கலந்த அந்தக் கம்பி மெத்தனால் ஆவி பட்டுப்பட்டே தொடர்ந்து கனன்றுகொண்டிருக்கும். தீப்பொறிக்கென்று தனியாக எந்தக் கருவியும் கிடையாது. பட்டறைக்காரன் என்பதால் எனக்கு அதை எத்தனை தடவை பிரித்துப் பூட்டினாலும் அலுக்காது.

அவ்வளவு பிடித்தும் முதல் விமானத்துக்கு அது வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் காரணம் எரிபொருள். அதில் பெரும்பங்கு மெத்தனால், மிச்சம் எண்ணெயும் கொஞ்சம் நைட்ரோமீத்தேனும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதே மெத்தனால் கலந்த சாராயம்தான். அதை உரிமம் இல்லாமல் யாரும் விற்கக் கூடாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். யாரோ கேனில் கொடுத்தார்கள் என்று கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வீட்டு ஷெல்ஃபில் வைத்திருந்த ஒரு ஆளை எனக்குத் தெரியும், அன்றைக்கு அவர் வீட்டில் நின்று நான் சத்தமே போட்டுவிட்டேன். தண்ணீர் மாதிரி இருக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே கண்ணைப் பறித்துவிடும். பட்டப்பகலில் பற்றிக்கொண்டால் நெருப்பே கண்ணுக்குத் தெரியாது, சுட்ட பிறகுதான் தெரியும். படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் எதற்கு இது?

இரண்டாவது காரணம், என்ஜினை ஓட்டுவதே தனி வித்தை. ட்ரெயினருக்கு 40, 46 என்று அளவு சொல்வார்கள். கன அங்குலத்தில் 0.40, 0.46, நம் கணக்கில் 6.5 சி.சி., 7.5 சி.சி. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் திருகை எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும், டேங்க் கார்புரேட்டர் மட்டத்துக்கு இருக்கிறதா, புது என்ஜினை எப்படிப் பழக்குவது, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை ஒருவர் புது என்ஜினைக் கொண்டுவந்து, பிஸ்டன் மேலே போய்ப் பிடிக்கிறது, எமரி போட்டுத் தேய்த்துக் கொடுங்கள் என்றார். நல்ல வேளை என்னிடம் வந்தார். அந்த வகை என்ஜினில் பிஸ்டன் ஓடும் குரோம் பூசிய பித்தளைக் குழாய் (ஸ்லீவ்) மேல்முனையில் குறுகலாகத்தான் இருக்கும், ஆறியிருக்கும்போது பிடிக்கத்தான் செய்யும், சூடேறினால் பித்தளை விரிந்து இடைவெளி சரியாகிவிடும். தேய்த்திருந்தால் கம்ப்ரெஷன் போய் வெறும் இரும்புக்கடைச் சரக்காகியிருக்கும். இதோடு நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுற்றும் விசிறிக்கு முன்னால் பிள்ளையின் விரல்கள். பறக்கப் பழகுவதையும் என்ஜின் பழகுவதையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றினால் இரண்டும் வராது. காலையில் இரண்டு மணி நேரம் கிளப்பிப் பார்த்துவிட்டு ஒரு தடவைகூடப் பறக்காமல் வீட்டுக்குப் போன பிள்ளைகள் நிறைய, அடுத்த வாரம் அவர்கள் வருவதில்லை.

மின்மோட்டார் என்றால் பேட்டரியைச் செருகினோம், பறந்தோம். ஒரு கிலோ ட்ரெயினருக்கு 2212 என்று சொல்லும் பிரஷ்லெஸ் மோட்டார், 1000 கே.வி., 10 அங்குல விசிறி, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இ.எஸ்.சி., 3 செல் 2200 எம்.ஏ.ஹெச். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, இறக்கை, வால் மடல்களை அசைக்கும் 9 கிராம் சர்வோ நான்கு. இந்தக் கே.வி.யில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2200 கே.வி. என்றால் இரண்டு மடங்கு பலம் என்று நினைத்து வாங்குகிறார்கள். கே.வி. என்பது பளு இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்றுச் சுற்றும் என்ற கணக்கு, அவ்வளவுதான். அதிகக் கே.வி. மோட்டார் சின்ன விசிறியை வேகமாகச் சுற்றும், பாய்ந்து போகிற விமானத்துக்கு அது சரி. அதில் 10 அங்குல விசிறியை மாட்டினால் கரண்டை அள்ளி இழுத்து இ.எஸ்.சி.யைப் புகைத்துவிடும். மெதுவாகப் பறக்கும் விமானத்துக்குப் பெரிய விசிறி, குறைந்த கே.வி. விமானத்தின் எடையில் பாதிக்கு மேல் இழுவிசை இருந்தாலே ட்ரெயினர் நிம்மதியாகப் பறக்கும்.

லைப்போவுக்கு மட்டும் பயபக்தி வேண்டும். எல்லா செல்லையும் சமமாக ஏற்றுகிற, அதற்கென்றே உள்ள பேலன்ஸ் சார்ஜரில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும், ஏற்றும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. செல்லுக்கு 4.2 வோல்ட் முழுசு, 3.5-க்குக் கீழே இறக்காதீர்கள், சும்மா வைக்கும்போது 3.8. செல் இறங்கினால் கத்துகிற சின்ன அலாரம் கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்தின காருக்குள்ளேயோ வண்டிப் பெட்டிக்குள்ளேயோ வைக்காதீர்கள். தலையணை மாதிரி உப்பிவிட்டால் ஆசைப்படாமல் ஒதுக்கிவிடுங்கள்.

எங்கே பறக்கவிடுவது என்பதில் நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. விமான நிலையம் தெற்கே இருப்பதால் அவனியாபுரம், பெருங்குடி, திருப்பரங்குன்றம், திருநகர் பக்கத்துக் காலி இடங்கள் எல்லாம் 8 கிலோமீட்டருக்குள் வந்துவிடும், அங்கே அனுமதியில்லாமல் பறக்கவே விடாதீர்கள். 2021-இல் வந்த ட்ரோன் விதிகள் மாடல் விமானத்தையும் சேர்த்துத்தான் பேசுகின்றன. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரைக்கும் 200 அடி உயரம், அதற்கு அப்பால் முன் அனுமதி கேட்க வேண்டாத பச்சைப் பகுதியில் 400 அடி. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேலூர் ரோடு, அழகர்கோவில் ரோடு பக்கம் நல்ல தரிசுகள் இருக்கின்றன, வற்றின கண்மாயும் நல்ல இடம்தான். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஆடு மேய்ப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள், கரண்ட் கம்பி எங்கே போகிறது என்று நடந்தே பாருங்கள். மாவட்ட நிர்வாகம் வடக்குப் பக்கம் ஒரு புறம்போக்கை ஞாயிறு காலைகளில் மட்டும் இதற்கு ஒதுக்கினால் பிள்ளைகளுக்குப் பெரிய உபகாரம், இதை நீங்கள் எழுதினால் கவனிப்பார்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆனி ஆடியில் புதுப்பிள்ளைகளைப் பறக்கவிட வேண்டாம். தை, மாசி அருமை. கோடையிலும் காலை 6 மணிக்குக் காற்று அசையாது, 8 மணிக்கு மேல் தரை சூடேறி விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும்.

அந்தப் பையன் இப்போது எங்கள் பழைய ஃபோம் ட்ரெயினரில் ஓட்டுகிறான். ஒயர் போட்டுத்தான் ஓட்டுகிறோம். போன வாரம் நான் ஒரு தடவைகூடக் கட்டுப்பாட்டை வாங்காமல் ஆறு சுற்றுச் சுற்றி அவனே இறக்கினான், அவன் அப்பா மண்பாதையின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தார். அவனுடைய என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஷாஃப்ட்டை லேத்தில் வைத்துப் பார்த்தேன், கோணல் இல்லை. மண்ணைக் கழுவி, எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி என் பட்டறை பீரோவில் வைத்திருக்கிறேன். அடுத்த தையில் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர்,
கே.புதூர், மதுரை